சத்து மாத்திரைக்கும் ஓர் அளவு உண்டு

மண்சரிவுக்குப் பின் அமைக்கப்பட்ட தற்காலிகக் கொட்டில் ஒன்றை மனக்கண்ணில் பாருங்கள். மூலையில் ஒரு பலகைத் தட்டு. அதில் தாய் கிளினிக்கில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை, தோட்ட மருந்துச்சாலையில் கொடுத்த விற்றமின் பாணி, திரிபோஷா பக்கற், நிவாரணப் பொதியில் வந்த பால்மா, மத்திய கிழக்கில் வேலை செய்யும் சித்தி அனுப்பிய மீனெண்ணெய்க் குளிசைப் போத்தல் என எல்லாம் அடுக்கியிருக்கும். அதன் கீழேதான் ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்து விளையாடும். வேறு தட்டும் இல்லை, பூட்டும் பெட்டியும் இல்லை.

"சத்து மருந்துதானே, கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?" என்ற கேள்வி எமது மத்தியில் அடிக்கடி எழுகிறது. கேட்பதில் தவறில்லை. பசியோடும் சோகையோடும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த எமக்கு, சத்து என்றால் குறைவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் சத்துக்கும் ஒரு மேல் எல்லை உண்டு. அந்த எல்லையை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எமது வீட்டுத் தட்டில் இருப்பவற்றை அதற்குள் எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

இடம்பெயர்ந்தோர் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் தாக்கின. இவ்வாறான வேளைகளில் வீட்டோடு வீட்டுத்தோட்டமும் போய்விடுகிறது. வேலியில் நின்ற முருங்கையும், பின்பக்கத்துப் பப்பாசியும், கொல்லையில் முளைத்த கீரையும் இல்லாமற் போகின்றன. அவை இருந்த இடத்தில் போத்தல்களும் பக்கற்றுகளும் வந்து சேருகின்றன. ஒவ்வொரு உதவிக் குழுவும் நல்லெண்ணத்துடன்தான் கொடுக்கிறது. ஆனால் முதல் குழு என்ன கொடுத்தது என்று இரண்டாவது குழுவுக்குத் தெரியாது. பிள்ளையின் கிளினிக் கார்ட் மண்ணுக்குள் போயிருந்தால் அதைச் சொல்வதற்கு எழுத்துச் சான்றும் இராது. எனவே இரண்டு ஆபத்துகளும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் உணவில் சத்துக் குறைவு. மறுபக்கம் ஒரே சத்து பல வழிகளால் இருமடங்கு சேர்தல்.

எல்லையை எப்படி வகுக்கிறார்கள்?

ஒவ்வொரு சத்துக்கும் இரண்டு அளவுகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, நாளொன்றுக்குத் தேவையான அளவு. மற்றது, நாள்தோறும் எடுத்தாலும் தீங்கு வராது என்று நம்பத்தக்க உச்ச அளவு. இவ்விரண்டுக்கும் இடையில்தான் பாதுகாப்பான பாதை இருக்கிறது. சில சத்துகளுக்கு அந்தப் பாதை தேயிலை மலையின் பெரிய றோட்டைப் போல அகலமானது. சிலவற்றுக்குக் கொழுந்து மலை ஒற்றையடிப் பாதை போல ஒடுங்கியது. விற்றமின் சி முதலாவது வகை. விற்றமின் ஏ இரண்டாவது வகை.

உச்ச அளவைக் கணிக்கும் முறை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. அச்சத்தைப் பெருமளவில் எடுத்தவர்களிடம் காணப்பட்ட தீங்குகளை வைத்தியர்கள் தேடிப் பார்க்கிறார்கள். எந்த அளவுவரை ஒரு தீங்கும் காணப்படவில்லை என்று குறிக்கிறார்கள். அந்த அளவை அப்படியே சிபாரிசு செய்வதில்லை. மனிதருக்கு மனிதர் உடல் வேறுபடுவதாலும், ஆய்வுகள் முழுமையற்றவை என்பதாலும் அதனை ஒரு பாதுகாப்பு எண்ணால் வகுத்து விடுகிறார்கள். உதாரணமாக, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு விற்றமின் ஏ தினம் 4,500 மைக்ரோகிராம் வரை தீங்கு காட்டவில்லை என்று அமெரிக்க நிபுணர்கள் கண்டனர். அதை 1.5 ஆல் வகுத்து 3,000 மைக்ரோகிராம் என எல்லை இட்டனர். விற்றமின் பி6 விடயத்தில் 200 மில்லிகிராமை இரண்டால் வகுத்து 100 மில்லிகிராம் என்றனர்.

நிபுணர்கள் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நல்லது. அதே பி6 சத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2023இல் வெறும் 12 மில்லிகிராமையே உச்ச அளவாக அறிவித்தது. புதிய சான்றுகள் கிடைக்கும்போது எல்லை இறங்கலாம். ஆகவே எல்லைக்கு மிக அருகில் போய் நிற்பது புத்தியல்ல.

நல்லது என்று எண்ணிக் கொடுத்தது தீமையாய் முடிந்த சம்பவமும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கரட்டிலும் பப்பாசியிலும் உள்ள பீற்றா கரோட்டின் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். 1994இல் முடிவு வெளியானபோது, அம்மாத்திரையை எடுத்தவர்களிடையே புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. உணவில் இருக்கும் சத்தும் மாத்திரைக்குள் அடைக்கப்பட்ட சத்தும் உடலில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

தங்குபவையும் கழிபவையும்

விற்றமின்களில் ஏ, டீ, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. மிகுதியானது உடலிலேயே தங்கும். ஏ ஈரலில் சேமிக்கப்படும். பி வகைகளும் சி விற்றமினும் நீரில் கரைபவை. மிகுதியில் பெரும்பகுதி சிறுநீருடன் போய்விடும். ஆனால் போய்விடும் என்பதற்காகத் தீங்கே இல்லை என்று எண்ணக்கூடாது. விற்றமின் சி நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் வயிற்றோட்டம் வரும். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம்.

கால் உளைவுக்கும் இடுப்பு வலிக்கும் என்று எமது பெண்கள் பலர் 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போடுகிறார்கள். அதில் பி6 இருக்கும். அது மிதமிஞ்சினால் நரம்பையே கெடுக்கும். நாளுக்கு 2 கிராம் முதல் 6 கிராம் வரை மாதக்கணக்கில் எடுத்த ஏழு பேர் கைகால் மரத்து, தடுமாறி நடந்த நிலையை அமெரிக்க வைத்தியர்கள் 1983இல் எழுதி வைத்தார்கள். கடையில் விற்கும் மாத்திரையில் அவ்வளவு இராது. ஆயினும் ஒன்றுக்கு இரண்டாக, ஆண்டுக்கணக்கில் போடுவதற்கு வைத்தியரின் சொல் வேண்டும். மரப்பைப் போக்க எடுத்த மாத்திரையாலேயே மரப்பு வந்தால், அதையும் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து இன்னும் கூடப் போடுவோம் அல்லவா?

விற்றமின் ஏ: கார்ட்டைக் காப்பாற்றுங்கள்

விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். பிள்ளைக்கு வயிற்றோட்டமும் சின்னமுத்தும் கடுமையாகும். ஆகவே குறைபாடு பரவலாக உள்ள நாடுகளில் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒருமுறை 1 இலட்சம் சர்வதேச அலகும், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நாலைந்து மாதத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எமது நாட்டிலும் கிளினிக்குகளில் பெரிய அளவு விற்றமின் ஏ கொடுக்கப்படுகிறது. எத்தனை, எப்போது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் தீர்மானிப்பார்.

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு உச்ச அளவு 2,000 அலகு என்று வைத்துவிட்டு, ஒரே வாயில் 2 இலட்சம் கொடுப்பது எப்படிச் சரி என்று கேட்கத் தோன்றும். ஈரல் அதனைச் சேமித்து மெல்ல மெல்லச் செலவழிக்கிறது. 2 இலட்சத்தை ஆறு மாதத்து நாட்களால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1,100 அலகுதான் வரும். எனவே கணக்கு சரியே. ஆனால் அடுத்த வாரமே இன்னொருவர் வந்து மீண்டும் கொடுத்தால் கணக்குப் பிழைத்துவிடும். இரண்டு பெரிய அளவுகளுக்கு இடையில் குறைந்தது ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி.

2001 நவம்பரில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் விற்றமின் ஏ கொடுக்கும் பெரிய இயக்கம் நடந்தது. அதுவும் எம்மைப்போல் தேயிலைத் தோட்ட மக்கள் வாழும் மாநிலம். அங்கு வழக்கமான 2 மில்லிலீற்றர் கரண்டிக்குப் பதிலாக 5 மில்லிலீற்றர் கிண்ணம் பயன்படுத்தப்பட்டது. பாணியின் ஒரு மில்லிலீற்றரில் 1 இலட்சம் அலகு. கரண்டி நிறைந்தால் 2 இலட்சம். கிண்ணம் நிறைந்தால் 5 இலட்சம். பெருந்தொகையான பிள்ளைகள் வாந்தியும் காய்ச்சலுமாக வைத்தியசாலைகளுக்குக் கொண்டு வரப்பட்டனர். சில பிள்ளைகள் இறந்ததாகவும் செய்தி வந்தது. அம்மரணங்களுக்கு விற்றமின் காரணமல்ல என்று யுனிசெவ் கூறியது. பலர் அதை ஏற்கவில்லை. யார் சொன்னது சரியாயினும் எமக்கு ஒரு பாடம் உண்டு. மருந்தைப் போலவே மருந்தை அளக்கும் கரண்டியும் முக்கியம்.

விற்றமின் ஏ அதிகமானால் தலையிடி, வாந்தி, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தல் ஆகியன தோன்றும். நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் தோல் வறளும், முடி கொட்டும், எலும்பு நோகும், ஈரல் கெடும்.

கர்ப்பிணித் தாய்மார் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். 22,748 பெண்களை அவதானித்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாத்திரைகளில் இருந்து நாளுக்கு 10,000 அலகுக்கு மேல் விற்றமின் ஏ எடுத்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருந்தது. ஆகவே கிளினிக்கில் கொடுத்ததைத் தவிர வெளிநாட்டுப் போத்தல் எதையும் கர்ப்ப காலத்தில் கேட்காமல் திறக்க வேண்டாம். மீனெண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயில் ஏ, டீ இரண்டும் உண்டு.

இரும்புச்சத்து: தாய்க்கு உயிர், பிள்ளைக்கு நஞ்சு

தோட்டங்களில் சோகை பழைய நோய். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதை ஒழிக்க 1916ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தோட்டங்களில் றொக்பெல்லர் மன்றத்தின் இயக்கம் தொடங்கியது. இன்றும் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் ஆகியன கிளினிக்கில் கொடுக்கப்படுகின்றன. இவற்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவது கண்டு பயந்து நிறுத்த வேண்டாம்.

சுகதேகிக்கு இரும்பின் உச்ச அளவு நாளுக்கு 45 மில்லிகிராம். கிளினிக் மாத்திரையிலோ ஏறக்குறைய 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இது முரண் அல்ல. உச்ச அளவு என்பது யாருடைய மேற்பார்வையும் இன்றித் தானாக எடுப்பவருக்கு. குறைபாட்டைத் தீர்க்க வைத்தியர் கணக்கிட்டுக் கொடுக்கும் அளவு வேறு. அதனால்தான் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் எடுக்கக்கூடாது. அத்துடன், வெளிறிய எல்லோருக்கும் இரும்பு குறைவு என்றும் இல்லை. தலசீமியா போன்ற பரம்பரைக் குறையாலும் வெளிறலாம். அதற்கு இரும்பு மாத்திரை உதவாது. சிலருக்குத் தீங்கும் செய்யும். இரத்தம் பரிசோதித்த பின்பே தொடர வேண்டும்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். ஒரு வயதுப் பிள்ளையின் எடை ஏறக்குறைய 10 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் நஞ்சின் அறிகுறி தொடங்கும். அதாவது மூன்று நான்கு மாத்திரை. கிலோவுக்கு 60 மில்லிகிராம் போனால் உயிருக்கே ஆபத்து. அதாவது பத்து மாத்திரை. தாய் ஒரு மாதத்துக்கு வாங்கி வரும் உறையில் முப்பது மாத்திரை இருக்கும். அவை இனிப்பைப் போல் நிறமும் பளபளப்பும் உள்ளவை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் சிறுபிள்ளைகளின் நஞ்சுண்ட மரணங்களுக்கு இரும்பு மாத்திரை முக்கிய காரணமாயிற்று. 1997இல் எச்சரிக்கை வாசகமும் தனித்தனி உறையும் கட்டாயமாக்கப்பட்ட பின் அம்மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

பிள்ளை இரும்பு மாத்திரை விழுங்கியிருந்தால் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி, வயிற்றோட்டம், சில வேளை இரத்தம் கலந்த வாந்தி வரும். அதன்பின் பிள்ளை தேறிவிட்டது போலத் தோன்றும். இதுதான் ஏமாற்றும் நேரம். அடுத்த நாளில் ஈரல் பழுதாகி, உடல் சோர்ந்து விழலாம். ஆகவே பிள்ளை விளையாடுகிறது என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

மாத்திரையைச் சாயத்தண்ணியோடு போடும் வழக்கமும் எமக்கு உண்டு. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு பாதிக்கு மேல் உடலில் சேராமற் செய்துவிடும். நாமே பறித்த கொழுந்து எமது இரத்தத்துக்கு எதிராய் நிற்கிறது! தண்ணீருடனோ எலுமிச்சம் சாற்றுடனோ போடுங்கள். தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்கு வையுங்கள். அதுவும் இரும்பைத் தடுக்கும்.

சிறுதுளி பெருவெள்ளம்

பிரித்தானியாவில் 1950களின் தொடக்கத்தில் கைக்குழந்தைகளுக்குப் பால்மா, தானிய உணவு, மீனெண்ணெய் ஆகிய மூன்றிலும் விற்றமின் டீ சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் நல்லதே. மூன்றும் ஒரே வயிற்றுக்குள் சேர்ந்தபோது சில குழந்தைகளின் இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தியும் எடைக்குறைவும் உண்டாயின. 1957இல் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள். எமது பலகைத் தட்டின் கதையும் இதுவே.

திரிபோஷாவிலும் சத்துகள் கலந்தே இருக்கின்றன. 1973இல் தொடங்கிய திட்டம் அது. மாதம் 750 கிராம் பக்கற் இரண்டு என்றால் நாளுக்கு 50 கிராம் வரும். அந்த அளவில் பயமே இல்லை. அதைக் கைவிடவும் வேண்டாம். ஆனால் திரிபோஷா கிடைக்கும் பிள்ளைக்கு மேலதிகமாக விற்றமின் பாணியும் மீனெண்ணெயும் தேவையா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பும் அப்படியே. சபரகமுவ ஈரவலயத்தில் கழுத்துக் கழலை பழைய பிரச்சினை. 1995 முதல் நாட்டில் அயடீன் சேர்த்த உப்பு கட்டாயமாக்கப்பட்டது. உப்பைக் காற்றுப்படாமல் மூடி வைத்தால் போதும். தனியாக அயடீன் துளி வாங்க வேண்டியதில்லை.

போத்தலில் பார்க்க வேண்டிய எண்கள்

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு உச்ச அளவாக அமெரிக்க நிபுணர்கள் கூறுபவை:

விற்றமின் ஏ – 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 அலகு
விற்றமின் டீ – 100 மைக்ரோகிராம், அதாவது 4,000 அலகு
விற்றமின் சி – 2,000 மில்லிகிராம்
மாத்திரையிலுள்ள போலிக் அமிலம் – 1,000 மைக்ரோகிராம்
இரும்பு – 45 மில்லிகிராம்
நாகம் – 40 மில்லிகிராம்

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இவை மிகக் குறைவு. விற்றமின் ஏ 600 மைக்ரோகிராம், விற்றமின் சி 400 மில்லிகிராம், நாகம் 7 மில்லிகிராம். பெரியவரின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். அலகு வேறு, மைக்ரோகிராம் வேறு, மில்லிகிராம் வேறு. 1,000 மைக்ரோகிராம் சேர்ந்ததே ஒரு மில்லிகிராம். எழுத்து விளங்காவிட்டால் பாடசாலைக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். அல்லது போத்தலையே கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தட்டிலிருந்து கொல்லைக்கு

முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, பூசணி, பப்பாசி ஆகியவற்றில் உள்ள சத்தை உடல் தேவைக்கேற்பவே விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அவற்றைச் சாப்பிட்டு விற்றமின் ஏ நஞ்சானவர் இல்லை. நிறையப் பப்பாசி சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகலாம். கண்வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் பயமில்லை. கண்ணும் மஞ்சளானால் அது காமாலை. வைத்தியரிடம் போக வேண்டும்.

புதிய இடத்தில் நிலம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய உரப்பையில் மண் நிரப்பிக் கீரை விதைக்கலாம். ஒரு முருங்கைக் கொப்பை வேலியோரம் ஊன்றலாம். நெத்தலிக் கருவாடு ஒரு பிடி பருப்போடு சேர்ந்தால் பிள்ளைக்கு நல்ல உணவு.

இன்றே செய்யக்கூடியவை

1. மருந்து எல்லாவற்றையும் ஒரு மூடியுள்ள பேணியில் போட்டுப் பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.
2. பிள்ளைக்கு மருந்தை "இனிப்பு" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.
3. போத்தலோடு வந்த அளவுக் கரண்டியால் மட்டும் அளவுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இராது.
4. கிளினிக் கார்ட்டைப் பொலித்தீன் உறையில் சுற்றி அடையாள அட்டையோடு வையுங்கள். மழை கடுமையாகி வெளியேற நேர்ந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.
5. கார்ட் தொலைந்திருந்தால், முகாமில் யாரேனும் விற்றமின் ஏ கொடுக்க வரும்போது, கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். புதிய கார்ட்டில் திகதியுடன் எழுதச் சொல்லுங்கள்.
6. திகதி முடிந்தவற்றையும் பெயர் கிழிந்தவற்றையும் பயன்படுத்தாதீர்கள்.

மேலும் ஒரு பொறுப்பு எமக்கு உதவ வருபவர்களுக்கு உண்டு. முகாமுக்கு விற்றமின் போத்தல் கொண்டுவருமுன் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் கொண்டுவந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவது நன்றிகெட்ட செயலல்ல.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எமது பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த அளவு எவ்வளவு என்பதை எண்ணால் சொல்லும் காலம் இது. இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், உங்கள் வீட்டுத் தட்டை ஒருமுறை பாருங்கள். அந்த இரும்பு மாத்திரை உறை எந்த உயரத்தில் இருக்கிறது?